பெயிண்டர் தட்டவில்லை

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் அட்டையைப் பார்த்து முன்தாளில் எழுதிக்கொண்டார்கள். வயது நாற்பத்தேழு. அட்டையில் கூடுதலாக இருப்பது அதை எழுதியவர் கைங்கரியம், எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தொழில், துணி இஸ்திரி போடுவது. படிப்பு, எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவு. கணவர் காலமாகிவிட்டார். குடியிருப்பது சந்தைக்குப் பின்னால் உள்ள பழைய கிடங்குக் கட்டடம், இரண்டாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய முதல் அறை. அங்கே எல்லாரும் என்னை இஸ்திரி அக்கா என்பார்கள். மூன்றாம் அறைப் பெயிண்டரைப் பிடித்து வைத்திருப்பது தொடர்பாக, யாரும் கூப்பிடாமல் நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்வது என்னவென்றால்:

எங்கள் மாடி ஒரே கூடமாக இருந்தது. அதைப் பலகை அடித்து நான்கு அறையாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார் வீட்டுக்காரர். முதல் அறையில் நான். இரண்டாவதில் சந்தை வாசலில் சாவி வெட்டும் சாவிக்காரர், அறுபது தாண்டியவர், சொந்தம் என்று யாரும் வந்து பார்த்ததில்லை. மூன்றாவதில் பெயிண்டர். கடைசியில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கும் அம்மா. நான்கு பேருக்கும் நான்கு பாஷை. இந்த வாடகைக்கு வேறு எங்கும் அறை கிடைக்காது என்பது ஒன்றுதான் எங்களுக்குப் பொது. ஓர் அறை காலியென்று தெரிந்தால் பழைய ஆள் பாயைச் சுருட்டுவதற்குள் புது ஆள் பெட்டியோடு படியில் நிற்பார்.

பெயிண்டருக்கு என் பாஷை சொல்லிக் கொடுத்தது நான். அதனால் அவன் ஆண் பெண் பார்க்காமல் எல்லாரையும் அக்கா என்பான். மீசை வைத்த வீட்டுக்காரரும் அக்கா. அந்த அழகைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் திருத்தவில்லை. இங்கே அதிகாரி அய்யாவையும் அக்கா என்று கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நக்கல் இல்லை. அதற்காக யாரும் அவன்மேல் கை நீட்ட வேண்டாம்.

சுவர் தட்டும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதை ஆரம்பித்தது நான்தான். சாவிக்காரர் காலையில் எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் விளையாட்டாக அவர் பக்கச் சுவரைத் தட்டி, "அண்ணே, சூரியன் உங்க அனுமதிக்காகக் காத்துக்கிட்டு நிக்குது" என்று கத்தினேன். அவர் கோபத்தில் ஒரு சாவியை எடுத்து என் சுவரில் டங்கென்று தட்டிவிட்டுத் தம் பாஷையில் திட்டினார். பிறகு அதே கோபத்தில் மறுபக்கச் சுவரையும் தட்ட, பெயிண்டர் தன்னை எழுப்புகிறார்கள் என்று நினைத்துத் தானும் அடுத்த சுவரைத் தட்ட, கடைசியில் ஆஸ்பத்திரி அம்மா கரண்டியால் சட்டியில் அடித்தாள். அதன் பிறகு அது தினப்படி ஆயிற்று. நான் தட்டினால் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சட்டியில் முடியும். சட்டிச் சத்தம் கேட்டால் நால்வரும் இருக்கிறோம் என்று அர்த்தம், அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். ஒரு தடவை சட்டி கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் அந்த அம்மா காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள், தூக்கிக்கொண்டு ஓடினோம். அதனால் இதை விளையாட்டு என்று எழுத வேண்டாம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது குறைவு, கேட்பதுதான் அதிகம்.

அதன் பிறகு வாசனையைப் பற்றிக் கேட்டார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் ஒருவர் சமையலுக்கு ஒருவர் மூக்கைப் பொத்திக் காட்டிக் கரண்டியோடு சண்டைக்கு நின்றிருக்கிறோம். அதன் பிறகு அடுத்தவர் அடுப்பிலிருந்து எது வந்தாலும் முகம் சுளிப்பதில்லை என்று சொல்லாமலே ஓர் ஏற்பாடு. சமீபத்தில் ஒரு வாசனை வந்தது. அது ஆஸ்பத்திரி அம்மா ஏதோ ஊறவைத்தது என்று நான் நினைத்தேன். அவள் அதை என் சமையல் என்று நினைத்திருக்கிறாள். அந்த நாட்களில் வழியில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேரும் ரொம்ப மரியாதையாகச் சிரித்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் சாவிக்காரர் பக்கத்துச் சத்தம் மாறியிருந்தது. சாவியின் டங்கென்ற சத்தம் இல்லை. மெத்தென்று, விரல் முட்டியால் தட்டுவதுபோல் இருந்தது. சுவரில் மேலே இல்லை, தரையோரமாகக் கேட்டது. "என்ன அண்ணே, படுத்துக்கிட்டே தட்டுறீங்களா? மகாராஜா!" என்றேன். திட்டு வரவில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். அதற்குப் பின் வரிசையாகப் போய்ச் சட்டிச் சத்தமும் கேட்டது. நானும் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம், கடைச் சாவிக்கு நகல் எடுக்கக் கொடுத்திருந்த பேக்கரிக்காரர் மாடி ஏறி வந்து, சாவிக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ளே ஆள் இருக்காரா இல்லையா? நடையா நடந்து என் செருப்பே தேஞ்சு போச்சு" என்றார். "இருங்க, எங்க டெலிபோன்ல கூப்பிடுறேன்" என்று என் அறைக்குள் போய்ச் சுவரைத் தட்டினேன். அவர் என் வாசலில் நின்றார். உடனே உள்ளேயிருந்து பதில் தட்டியது. "இருக்கார். அலங்காரம் முடிஞ்சு வருவார்" என்றேன். அவர் மறுபடி போய்க் கதவை இடித்தார். திறக்கவில்லை. நான் மறுபடி தட்டினேன். மறுபடி பதில் வந்தது. அதன் பிறகு வீட்டுக்காரர் வந்து கடப்பாரையால் கதவை நெம்பினார். சாவிக்காரர் எதிர்ப் பக்கம் ஜன்னலுக்குக் கீழே கட்டிலில், மார்புவரை போர்வை போர்த்திக் கிடந்தார். அவர் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்று டாக்டர் சொன்னதாக அய்யா சொன்னார்கள். காயம் எதுவும் இல்லை, தூக்கத்தில் போன உயிர் என்றும் சொன்னார்கள். என் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் பெட்டியும் மேசையும் இருந்தன. வேறு யாரும் இல்லை. நான் மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன்.

பெயிண்டர்மேல் சொல்லப்படுவது எனக்கும் தெரியும். அந்த மாடியில் ஜன்னல் உள்ள ஒரே அறை சாவிக்காரருடையது. மனைவியும் குழந்தையும் வருவதால் அந்த அறை எப்போதாவது காலியானால் தனக்கு வேண்டும் என்று பெயிண்டர் வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தான். சாவிக்காரர் தம் அறைக்கு இன்னொரு சாவி வெட்டி அவனிடம் கொடுத்து வைத்திருந்தார். பெயிண்ட் டப்பாக்களும், எந்த வாசனையையும் அமுக்கும் நெடியுள்ள தின்னரும் அவர் கதவோரம் இருந்தன. அதனால் அவன் சாவைப் பார்த்துவிட்டு, மனைவி வந்து சேர்வதற்குள் வேறு ஆள் குடிவராமல் இருக்க மறைத்தான், காலையில் உள்ளே போய் அவருக்குப் பதிலாகத் தட்டினான் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மத்தியானம் அவன் ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான், மேஸ்திரி சாட்சி. அப்போது எனக்குப் பதில் தட்டியது அவன் இல்லை. பேக்கரிக்காரர் தமக்கு எதுவும் கேட்கவில்லை என்று இப்போது சொல்கிறாராம். அவர் கடை வைத்துப் பிழைப்பவர், கோர்ட்டு வாசல் என்றால் பயம். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

இந்த இடத்தில் எழுதுகிற அய்யா பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, தட்டுன கதையை விட்டுருங்க. தண்ணிக் குழாய்ச் சத்தம்னு போட்டுக்கறேன்" என்றார். "குழாய் அடுத்த தெருவுல இருக்கு தம்பி. அங்கேருந்து வந்து தட்டுச்சுன்னா அதுவும் ஆச்சரியம்தான், அதையும் எழுதிக்குங்க" என்றேன். அதன் பிறகு எழுதினார்.

சாவிக்காரர் அறைக்கு அரக்கு வைத்துப் பூட்டிவிட்டார்கள். பெயிண்டர் முந்தாநாள் முதல் இங்கே இருக்கிறான். ஆகவே நடுவில் இரண்டு அறையும் காலி. இன்று காலை நான் தட்டவில்லை. கை தானாகப் போகும் என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு நான்காம் அறையில் சட்டி அடித்தது.

எழுந்து ஓடினேன். ஆஸ்பத்திரி அம்மா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். பெயிண்டர் வந்துவிட்டான் என்று நினைத்து, அவனுக்கென்று ஒரு கிண்ணத்தில் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தாள். நான் கையை ஆட்டி இல்லை என்றேன். அவள் அவன் பக்கத்துச் சுவரைக் காட்டி, அங்கிருந்துதான் தட்டியது என்றாள். எந்த இடத்தில் என்று சைகையில் கேட்டேன். அவள் குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தாள். முழங்காலுக்குக் கீழே. வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை, நேராக இங்கே வந்தேன்.

தட்டியது யார் என்று அய்யா கேட்டார்கள். எனக்குத் தெரியாது. யார் இல்லை என்பதுதான் தெரியும். சந்தேகம் இருந்தால் நாளைக் காலை ஓர் அய்யா என் அறைக்கு வரட்டும், தனியாக வரக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேராக வரட்டும், டீ போட்டுத் தருகிறேன். ஆனால் பெயிண்டரை இன்றைக்கே விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் மனைவி கிளம்பிவிட்டாள், இனிச் சொல்லித் தடுக்க வழியில்லை. சாயங்கால வண்டியில் வந்து இறங்குகிறாள். அவள் பாஷை இந்த ஊரில் அவனைத் தவிர எனக்குத் தெரிந்து யாருக்கும் தெரியாது. சுவரில் சத்தம் கேட்டால் சும்மா இரு என்று அவளுக்கு நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்காவது சைகையில் சொல்லிவிடலாம். குழந்தை இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது. சுவரில் அந்த உயரத்தில் யார் தட்டினாலும் திருப்பித் தட்டுகிற வயது.

இதை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது எதுவும் சேரவில்லை, குழாய் எங்கும் இல்லை. அத்தனையும் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)