கிணறு விழுந்த கட்டம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் பேண்டேஜ் துணி மூட்டையோடு இருந்த ஒரு அம்மா, பக்கத்தில் மடியில் மேப்பை விரித்திருந்த நிலத்தடி நீர் ஆபீசரிடம் கேட்டாள்:

“வத்திப்போன என் கிணத்துல தண்ணி இருக்குன்னு உங்க கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லுது?”

“மேப்பைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக் கணக்குப் போடுதும்மா. ஒரு கட்டத்துக்கு ஒரே நீர்மட்டம்தான். உங்க கிணறும் தண்ணி கிடக்கிற கண்மாயும் ஒரே கட்டத்துல விழுந்திருச்சு.”

“அதை நம்பி பக்கத்து மில்லுக்கு இன்னொரு போர் போட விடுவீக. கட்டத்தைச் சின்னதாக்குங்க.”

“ஊர் பூராவும் சின்னதாக்கினா கம்ப்யூட்டர் தாங்காது.”

அவள் ஒரு துண்டுத் துணியை அவர் மேப்மேல் விரித்து, ஓரிடத்தில் மட்டும் இழைகளை விரலால் நெருக்கினாள்.

“ஊர் பூராவும் எதுக்கு? கிணத்துக்கிட்ட நெருக்குங்க, பொட்டக்காட்டுல அகலமா விடுங்க.”

அவர் துணியையே பார்த்தார். “அப்படியும் போடலாம். ஆனா ரிப்போர்ட் முடிஞ்சிருச்சேம்மா.”

“என் கிணறும்தான் முடிஞ்சிருச்சு. ஆபீசுக்கு நானும் வாரேன், திரும்பப் போடுங்க.”