ஒரே ஒரு கறுப்பு ஸ்லாட்

காப்பி நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார், நன்றி. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன், எனக்கு இன்று வேறு வேலை இல்லை.

என் பெயர் கணேசமூர்த்தி. லாபு செம்பனை எண்ணெய் ஆலை ஆபீசில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் கிராணி, குமாஸ்தா வேலைதான். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் மணி அடிக்க ஒரு கார்டு செய்தேன். ரஹாங்கில் என் வீட்டில் உட்கார்ந்து, ஈயம் உருக்கிப் பற்றவைத்து, இரண்டு மாதம். பாய்லரிலிருந்து வரும் ஒயர் அதில் சேரும். கார்டு ஆபீஸ் சர்வருக்குள், நீளமான கறுப்பு ஸ்லாட்டில் உட்காரும்.

அது வந்த பிறகு பாய்லர்காரர் அமிர்தலிங்கம் அண்ணன் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையே முறைத்துக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டார். தினமும் காலை ஏழுக்கு ஆபீசுக்குப் போன் போடுவார். மணி வேலை செய்கிறதா என்று பார்க்க நான் ஒரு விசையைத் தட்டுவேன், அங்கே பாய்லர் பக்கத்தில் மணி அடிக்கும். "ஆங், கேட்டுருச்சு தம்பி" என்பார். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும்.

போன வருஷம், தொண்ணூற்றாறில், முதலாளி நாச்சியப்பன் புது சர்வர் வாங்கினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் குட்டையான வெள்ளை ஸ்லாட். புதுத் தினுசு. என் கார்டு அதில் நுழையவே நுழையாது. பழைய கறுப்பு ஸ்லாட் ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் லாரி எடைமேடைக் கார்டுக்குக் கொடுக்கச் சொன்னார்.

"அப்ப மணி கார்டை எங்க சொருவறது முதலாளி?"

"எங்கயாச்சும் சொருவு லா. ஒரு கார்டுக்கு இவ்வளவு ராகமா?"

மறுவாரம் மறுபடி சொன்னேன், கார்டுக்கு இடமில்லாவிட்டால் மணி அடிக்காது என்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். லாரி டிரைவர்கள் நிற்கும்போதே, "வீட்டுல செஞ்ச பொம்மைய இன்னும் நீ விடலையா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது சார், மறைக்கவில்லை.

மூன்றாவது முறை அவரே கேட்டார். ஆயுத பூசை அன்று, புது சர்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்த கையோடு. "மணிக்குன்னு அந்தப் பழைய பெட்டியையும் பக்கத்துலயே ஓட்டணுமா, இல்ல தூக்கிப் போட்டுறலாமா?"

பழைய சர்வர் என் கார்டோடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "வேண்டாம் முதலாளி, எல்லாம் புதுசுலயே ஓடுது" என்றேன். இரண்டு தரம் சொல்லிக் கேட்காதவருக்கு மூன்றாம் தரம் எதற்குச் சொல்ல வேண்டும்? பட்டால்தான் தெரியும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டார்கள்.

அமிர்தலிங்கம் அண்ணன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் கவலைப்படக் கூடாதே என்றுதான் மணிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்து, என் மேசைக்கு அடியில் சுவிட்சு வைத்தேன். பாய்லருக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஏழுக்குப் போன் வரும், அமுக்குவேன். "புது மெஷின்ல இன்னும் கணீர்னு கேக்குது தம்பி" என்று சந்தோஷப்பட்டார்.

அதிலிருந்து நாற்பத்தொன்றாம் நாள், காலை பத்தரைக்குப் பாய்லரில் தண்ணீர் வற்றியது. அண்ணன் குழாய்க்கு முதுகைக் காட்டி அடுப்பு எரியச் செம்பனை நார் தள்ளிக்கொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை. பாய்லர் வெடித்தது. அவர் மனைவி தாயம்மா அக்காவிடம் சவப்பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள்.

முதலாளி வேட்டி அவிழ ஓடி வந்தார். "மணி ஏன்டா அடிக்கல?"

"நான்தான் அப்பவே சொன்னேனே முதலாளி."

இதைச் சொல்லத்தான் காத்திருந்தாயா என்று உங்கள் முகம் கேட்கிறது. ஆமாம் சார், காத்திருந்தேன். பாய்லர் பக்கத்தில் அண்ணன் இருப்பார் என்பதும் தெரியும். ஆனால் அவரை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் என்னிடம் கேட்டதெல்லாம் காலையில் ஒரு தரம் மணி அடிக்கத்தான். நாற்பத்தொரு நாளில் ஒரு நாள்கூட நான் தவறியதில்லை.