மவுசத் தொட்டா அடங்கிடுது

— வைரஸ அழிக்க வேணாம் கதிரவா. சூட்ட மட்டும் கொறச்சிக் குடு. சத்தம் அப்பிடியே இருக்கட்டும்.

— இருசம்மாக்கா, இதுக்கா கம்மாபுரத்துலேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி, சிதம்பரத்துக்கு இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மடியில தூக்கி வச்சிகிட்டு வந்தீங்க? கைய வச்சிப் பாருங்க, இட்லி குண்டான் மாதிரி கொதிக்குது. ஃபேன் சத்தத்த வச்சிகிட்டு என்னா பண்ணப் போறீங்க?

— அது எம்மவன் வந்து போற சத்தம்.

— யாரு, எங்கடையில இத வாங்குன பழனிவேலா?

— அவந்தான். வூட்ட வுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது. போனு சுவிட்ச் ஆஃபு. பொட்டி சும்மா கெடந்துச்சி. போன தையிலேருந்து தானா கொர்ருன்னு எரையுது. மவுசத் தொட்டா கப்புன்னு அடங்கிடும். கைய எடுத்தா கொஞ்ச நேரத்துல திரும்ப எரையும். பழனியும் அப்பிடித்தான், நான் உள்ள நொழஞ்சா பேச்ச நிறுத்திடுவான். எங்கேருந்தோ இதுக்குள்ள வர்றான், என்னப் பாத்தா ஒளிஞ்சிக்கிறான்னு நெனச்சிகிட்டேன். காலையில, அவன் தொறந்து வச்சிட்டுப் போன மெயில்ல லெட்டரு பாக்கத் தொடறதோட சரி. அப்புறம் கதவாண்ட உக்காந்து கேட்டுகிட்டு இருப்பேன்.

— அக்கா, சொல்றேன்னு வருத்தப்படாதீங்க. இது பழனி இல்ல. எவனோ திருடன். உங்க பொட்டியில, உங்க கரண்டுல, அவனுக்கு பிட்காயின் மாதிரி கம்ப்யூட்டர் காசு சேத்துகிட்டு இருக்கான். ஆளு பாத்துடக் கூடாதுன்னுதான் மவுசத் தொட்டதும் பதுங்குறான். இதுக்குப் பேரே சுரங்கம் தோண்டுறதுதான்.

— சுரங்கமா? எங்க நெலத்த நெலக்கரிக்குத் தோண்டியாச்சி. தோண்டுன பள்ளத்துலயே காண்ட்ராக்ட்ல கரி வாரிகிட்டு இருக்கேன். இப்ப வூட்டுக்குள்ளயும் தோண்டுறானுவளா?

— கரண்ட் பில்லு ஜாஸ்தி வந்திருக்கணுமே?

— வந்துச்சி. புள்ள வூட்டுல இருந்தா அரிசி செலவாவாதா? அப்பிடி நெனச்சிக் கட்டுனேன்.

— தையில எதையாவது தட்டுனீங்களா?

— ஒரு லெட்டரு வந்துச்சி. இங்கிலீஷு. ஓரத்துல கம்பி வளைச்ச மாதிரி குண்டூசி படம் இருந்துச்சி. போட்டோவ குத்தி அனுப்பியிருக்கான்னு தட்டிட்டேன். போட்டோ ஒண்ணும் வரல.

— ரைட்டு, அதுல வந்ததுதான். இப்பிடியே ஓடுனா பொட்டி கருகிடும்க்கா. பழனி போட்டோ, வீடியோல்லாம் இதுலதான இருக்கு?

— அவங்கப்பனோட டிவிஎஸ்ஸ எடுத்துகிட்டு வேலியில போயி வுழுவான் பாரு, அந்த வீடியோ இருக்கு. அவன் சிரிப்பு அதுல மட்டுந்தான் இருக்கு.

— சிரிப்பு வேணுமா, இந்த எரைச்சல் வேணுமா?

— அழி.

— ரைட்டு. ஆச்சு. கைய எடுத்துட்டுப் பாருங்க.

— எரையல.

— எரையாது.

— கொஞ்ச நேரம் பாப்பமே.

— பாத்தாச்சுக்கா, அஞ்சு நிமிஷம். இனிமே வராது. ஆனா ஒண்ணு, தெரியாத லெட்டரு எதையும் தட்டக் கூடாது. அப்டேட் கேட்டா போட்டுடணும்.

— தட்டாம இருந்தா எப்பிடி? அதுல ஒண்ணு அவன் போட்டதா இருந்தா?

— உங்களோட ரோதனையா போச்சி. கண்டதுக்கும் கைய வைக்காதீங்கன்றேன்.

— நான் மட்டுந்தான் வைக்கிறனா? சில நாளு நான் தொறக்குறதுக்கு முன்னாடியே தொறந்து கெடக்கும். தொறக்காத லெட்டரு தடிச்ச எழுத்துல நிக்குமில்ல, அது மெலிஞ்சி கெடக்கும்.

— மெயிலுக்குள்ளயும் பூந்துட்டானா? இருங்க, எங்கெங்க தொறந்திருக்குன்னு பாக்குறேன். ஆமாக்கா, ரெண்டு எடம். ஒண்ணு இந்தப் பொட்டி. இன்னொண்ணு ஒரு போனு. திருப்பூர்னு காட்டுது. இன்னைக்குக் காலையில கூட உள்ள வந்திருக்கான். இவனயும் வெளிய தள்ளிட்டு பாஸ்வேர்ட மாத்திடறேன்.

— தள்ளு, நாசமாப் போறவன.

— ஒரு நிமிஷம். பழனி எப்பப் போனான்?

— ஆடியில. முந்துன வருசம்.

— இந்தப் போனு அதுக்கு அடுத்த மாசமே, ஆவணியில உள்ள வந்திருக்கு. வைரஸுக்கு ரொம்ப முன்னாடி. இது பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆளு. பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?

— அவனத் தவுர யாருக்கும் தெரியாது.

— அவனா இருக்கலாம்க்கா. அவனாத்தான் இருந்தா, நீங்க தெனம் ஒக்காந்து லெட்டரு பாக்குறது அவனுக்குத் தெரியும். நீங்க தொறந்த லெட்டரு அவன் போன்லயும் மெலிஞ்சிதான் காட்டும்.

— தெரிஞ்சும் ஒரு வார்த்த எழுதலியா அந்தப் பய?

— எதுக்குப் போனான்?

— அப்ப அவங்கப்பன் செத்து மூணு மாசம். வேலக்கிப் போவாம இந்தப் பொட்டி முன்னாடியே கெடந்தான். அவன் சினேகிதனுங்க நாலு பேரு நிக்கிறப்ப வெளக்கமாத்தால அடிச்சிட்டேன்.

— அப்ப நீங்க எழுதுங்க. எங்கடை மெயில்லேருந்து அவன் பேருக்கு அனுப்புறேன். சொல்லுங்க, தமிழ்ல அடிக்கிறேன்.

— முருங்க காச்சி தொங்குதுன்னு போடு.

— அப்புறம்?

— மழ இல்லன்னு போடு.

— யக்கா.

— அடிச்சது தப்புன்னு போடு. அம்மான்னு கீழ போடு. போதும்.

— ரைட்டு, போயிடுச்சி. இந்தா பாருங்க, அவன் மெயில்ல மேல தடிச்ச எழுத்துல நிக்குது.

— வேலையில இருப்பான். பனியன் கம்பெனின்னா வுடுவாங்களா? நீ கழட்டு, விருத்தாசலம் பஸ்ஸு போயிடும்.

— இன்னும் கொஞ்சம் உக்காருங்க.

— எவ்ளோ நேரம்டா உக்கார்றது? எம்மவன எனக்குத் தெரியாதா? கழட்டு.

— சரி, கழட்றேன்… அக்கா, மவுசத் தொட்டீங்களா?

— இல்லியே. கைய மடியிலதான வச்சிருக்கேன்.

— நானும் தொடல. எழுத்து மெலிஞ்சிடுச்சி, பாருங்க.