கிர்க்பெக் பிளாட்பாரத்தில் பால் கறந்த மாலை

மாண்பும் மதிநுட்பமும் ஒருங்கே வாய்த்த தலைவர் ஹெஸ்டர் பிளம்ப்டன் அம்மையார் அவர்களே! புல்மண்டிக் கிடந்த இந்தத் தண்டவாளத்தை மழையிலும் பனியிலும் மண்டியிட்டு மீட்டெடுத்த தோழர்களே! நீராவி நாளில் கரி அள்ளிக் காய்த்துப்போன கைகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! அவர்களுடைய கரிச்சட்டைகளை வெளுத்து வெளுத்தே இளமையைக் கரைத்த தாய்மார்களே! கிர்க்பெக் பெருமக்களே, வணக்கம்.

நான் வில்ஃப் த்ரெல்கெல்ட். இந்தப் பாதையில் கார்டாக இருந்தவன். நம் ரயிலின் பொற்காலத்தைப் பற்றிப் பேசு என்றார்கள். எதைப் பேசுவது? புயலைப் பின்தள்ளிய வேகத்தைப் பேசவா? பொன்னைப் பழித்த பித்தளையின் பளபளப்பைப் பேசவா? இல்லை ஐயா. நான் பேசப்போவது மாடுகளைப் பற்றி!

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்தபின் சொல்லுங்கள்: அந்த ரயில் எதைத்தான் சுமக்கவில்லை? மீனைச் சுமந்தது, மேசையைச் சுமந்தது, மணப்பெண்ணைச் சுமந்தது, மாண்டவரையும் சுமந்தது. ஒரு பண்ணையையே வேரோடு தூக்கிச் சுமந்தது! வடக்கே நிலத்தை விட்டவன் தெற்கே நிலம் பிடித்தால் அவனுக்கென்றே ஒரு தனி ரயில் வரும். கலப்பை ஏறும், கட்டில் ஏறும், கோழிக்கூண்டு ஏறும், அடுக்களைப் பூனையும் ஏறும். காலையில் ஸ்காட்லாந்தில் கறந்த பசுவை மாலையில் இங்கிலாந்தின் நடுவே லெஸ்டர்ஷயரில் கறக்கலாம்!

அப்படி ஒரு வண்டியில், ஐம்பதுகளின் நடுவே ஒரு மார்ச் மாதம், நான் போனேன். வண்டிக்குரியவர் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் விவசாயி வாலஸ் கெர். உடன் அவர் மனைவி ஐலா. அவள் பிறந்ததே அந்தப் பழைய பண்ணையில்தான். குத்தகை முடிந்து, கணவர் தெற்கே நிலம் பேசி முடித்த நாளிலிருந்து அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் என் பெட்டியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐலா, கொஞ்சம் டீ குடிக்கிறியா?" என்றார் அவர்.

"கார்டு சார், எனக்கு வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் அவள்.

நான் சொன்னேன். வேறு என்ன செய்வது!

பிற்பகலில் பனி பிடித்தது. மலையை மூடியது, வழியை மூடியது. இந்தக் கிர்க்பெக்கில் எங்களை நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த பயணிகள் வண்டியும் நின்றது. அதில் வந்தவர்கள் இறங்கி நடந்து வந்து வெயிட்டிங் ரூமில் கணப்பைச் சுற்றிக் குவிந்தார்கள். அப்போது இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் அல்லன்பி. அவருடைய பிளாட்பாரத்தில் ஒரு தீக்குச்சி கிடக்கக் கூடாது. என்ன சொல்கிறீர்கள், முன்வரிசையில்? சின்ன வயதில் உங்கள் காதைத் திருகினாரா? சரியாகத்தான் திருகியிருக்கிறார்!

கறக்கும் வேளை வந்தது, கடந்தும் போனது. மாடுகள் கதறத் தொடங்கின. ஐயா, நாற்பது பசுக்கள் மடி கனத்துக் கதறும் ஓசையைக் கேட்டிருக்கிறீர்களா? மாடுகளை வண்டியிலிருந்து இறக்கும் தனி மேடையோ பனியில் புதைந்து கிடந்தது. ஐலா நேரே மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், மடி கல்லாட்டம் ஆயிடுச்சு. பிளாட்பாரத்துல இறக்க விடுங்க."

"ஏம்மா, இது ஸ்டேஷனா, மாட்டுத் தொழுவமா? மேலிடத்து உத்தரவு இல்லாம ஒரு கோழியக்கூட இறக்க முடியாது."

"அப்ப மேலிடத்தைக் கேளுங்க."

"பனியில தந்திக் கம்பி அறுந்து கிடக்கு. யாரைக் கேக்குறது?"

"அறுந்த கம்பியா வந்து என் மாட்டுக்கு ஒத்தடம் குடுக்கும்? வந்து பாருங்க மாஸ்டர். பாத்துட்டு, அப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க."

போனார். விளக்கைத் தூக்கிப் பார்த்தார். புதிதாக ஈன்ற இளம்பசு ஒன்று கால் மாற்றி மாற்றி நின்று நடுங்கியது. மடியிலிருந்து பால் தானாகவே சொட்டிக்கொண்டிருந்தது. அல்லன்பி விளக்கைக் கீழே வைத்தார். பிறகு தங்க ஜரிகை வைத்த தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"த்ரெல்கெல்ட், இதைப் பிடி. இது தலையில இருக்கிற வரைக்கும் என்னால இதைச் செய்ய முடியாது."

தாமே கதவுகளைத் திறந்தார்! வெயிட்டிங் ரூம் வாசலில் நின்று, "கறக்கத் தெரிஞ்சவங்க யாரு? எழுந்து வாங்க!" என்று முழங்கினார். சந்தைக்குப் போன மலைப்பெண்கள் எழுந்தார்கள். கம்பளி வியாபாரி ஒருவர் மேல்கோட்டைக் கழற்றி வீசினார். ஊருக்குள் செய்தி பறந்தது. இடுப்பளவுப் பனியில் வாளி ஏந்தி வந்தார்கள், தாய்மார்களே, உங்கள் தாய்மார்கள்!

என்ன காட்சி அது! பிளாட்பாரம் நெடுகிலும் செந்நிறப் பசுக்கள். அவற்றின் மூச்சும் எஞ்சினின் ஆவியும் ஒன்றாய்க் கலந்து விளக்கொளியில் வெண்மேகமாய் மிதந்தன. வாளி நிறைந்தது, தேநீர்ப் பாத்திரம் நிறைந்தது. ஃபயர்மேன் எஞ்சினிலிருந்து ஆவிக்குழாயை இழுத்து அந்தப் பாலைக் காய்ச்ச, குளிரில் விறைத்த பயணிகள் குவளை குவளையாய்க் குடித்தார்கள். நான் கோயிலுக்கு அதிகம் போனவன் அல்ல. அன்று என் தொப்பியையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அந்த நடுவில்தான் ஐலாவின் குரல் கேட்டது: "வாலஸ்! என்ன மரம் மாதிரி நிக்கிற? அந்தச் செவலையைப் பிடி, உதைக்கும்!"

கெர் என் தோளைப் பற்றினார். "கேட்டீங்களா கார்டு? என்னைத் திட்டிட்டா!" பரிசு பெற்றவர் போல அழுதார் அந்த மனிதர்.

கிழப்பசு ஒன்று குளிர் தாங்காமல் விழுந்துவிட்டது. மற்றவை பிழைத்தன. பனி விலகியதும் வண்டி தெற்கே போனது, பண்ணை தழைத்தது. அல்லன்பிக்கோ, பிளாட்பாரத்தை அசுத்தப்படுத்தியது ஏன் என்று மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: "அவையும் நம் பயணிகள்."

பெருமக்களே! இரும்பா ரயில்? கரியா ரயில்? கால அட்டவணையா ரயில்? வாசலுக்கு வந்து நின்ற உயிரை, இது என் பொறுப்பு என்று ஏற்ற நெஞ்சமல்லவா ரயில்! அந்த நெஞ்சம் இருந்ததால் அது பொற்காலம். அது உங்களிடம் இருப்பதால்தான் இந்தத் தண்டவாளம் இன்று மின்னுகிறது.

அதோ, சிக்னல் கை உயர்கிறது! நீங்கள் மீட்டெடுத்த பாதையில் வண்டி வரும்போது பேச்சாளன் வாயை மூட வேண்டும். பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கு நன்றி. உழைத்த கைகளுக்கு என் வணக்கம். எழுந்து நில்லுங்கள், எல்லோரும் எழுந்து நில்லுங்கள். வருகிறது!