நெம்புகோலில் இருக்கும் கை

வெள்ளானூர் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஜெகதீசன் அவர்களே, இந்த வயதில் என் விரல் பிடித்து எழுத வைத்த ஆசிரியை அனுசுயா அவர்களே, முன்வரிசை மூத்தோரே, மாலை வகுப்பின் மாண்புமிகு தாய்மார்களே, வேம்புலியின் வணக்கம். இடையில் நான் தடுமாறி நின்றால் பொறுத்தருளுங்கள். இந்தத் தாளில் உள்ளது என் கையெழுத்து. ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. ஆனால் என்னுடையது! அதைச் சொல்லும்போதே நெஞ்சு நிறைகிறது.

சென்ற கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "போனே எல்லாத்தையும் படிச்சுக் காட்டுது. இனிமே எழுத்து வகுப்பு எதுக்கு? மண்டபத்த வாடகைக்கு விட்டுரலாம்." அதற்கு விடை தேடி விமானம் ஏறினேன். சிரிக்காதீர்கள், பேச்சில்தான் ஏறினேன்.

கொரட்டூர் சகாயம்மாளின் மகள் ஜாஸ்லின், பயணிகள் விமானத்தில் துணை விமானி. அவளிடம் கேட்டேன்: "பிளேன் தானா ஓடுதாமே. நீ இன்னாத்துக்கும்மா குந்திகினு கீற?"

"வேகத்த மெஷின் பாத்துக்கும் மாமா. இன்ஜின் விசைய அதுவே கூட்டும், கொறைக்கும். ஆனா றெக்கைக்கு முன்னாடி ஸ்லாட், பின்னாடி ஃபிளாப்னு தகடுங்க கீது. எறங்கச்சொல்ல அதுங்கள நீட்டுனாத்தான் மெதுவாப் போனாலும் பிளேன் காத்துல நிக்கும். அதுங்கள நீட்டுற நெம்புகோல நாங்கதான் கையால நகத்தணும்."

"அவசரப்பட்டு நகத்திட்டா?"

"வேகம் ஜாஸ்தியா இருந்தா தகடு கெட்டுப்பூடும். அதான் ஒருத்தர் நகத்தச் சொல்லுவாரு. இன்னொருத்தர் வேகத்தப் படிச்சு, வாய்விட்டுச் சொல்லி, அப்புறம்தான் கைய வைப்பாரு."

படி, சொல், பிறகு தொடு! அந்த வழக்கத்தை அன்றே என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி பொன்னியம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மருந்து நேரத்தைப் போன் தவறாமல் சொன்னது. அவள் கண்ணைத் திறந்து படுத்தாள். ஒரே அளவில் இரண்டு புட்டிகள். இரண்டிலும் நர்ஸம்மா பிளாஸ்டர் ஒட்டித் தமிழில் எழுதியிருந்தார். ஒன்றை எடுத்து, எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தேன்: "கா... து."

"யோவ், உன் காது மருந்தையா என் கண்ணுல ஊத்த வந்த?"

"படிச்சிட்டேன் இல்ல, கம்முனு படு."

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், போனிடம் காட்டினால் அது படிக்காதா என்று. படிக்கும் ஐயா. ஆனால் சந்தேகம் வந்தவன்தானே போனைத் தேடுவான்? எனக்குச் சந்தேகமே வரவில்லையே! படிக்கத் தெரிந்தவனுக்கோ எழுத்து தானாகக் கண்ணில் வந்து விழும்.

போன் வேண்டாம் என்றா சொல்கிறேன்? பொறி விசையைக் கூட்டட்டும், குறைக்கட்டும். வேளை தவறாமல் கூவட்டும். ஆனால் நெம்புகோலில் இருக்கும் கை யாருடையது? படித்துப் பார்க்கும் கண் யாருடையது? பாதிக்கப்படும் கண்தான் யாருடையது?

தலைவரே, மண்டபம் சங்கத்துடையது. எழுதுவது எங்கள் முடிவு. அடுத்த வாரம் கதவு திறந்திருந்தால் உள்ளே எழுதுவோம். பூட்டியிருந்தால் படியில் உட்கார்ந்து எழுதுவோம். வருகிறவர்கள் கை தூக்குங்கள். சுதாம்மா, ஒரு கை போதும்.

தலைவரே, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து வந்துவிட்டது. இவ்வளவு பெரிய கணக்கு இன்னும் வரவில்லை. பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி, தூக்கிய கைகளுக்கு என் வணக்கம்.