கரி தடவிய மாவு உருண்டை

என் கை நடுங்காது, நீதிபதி ஐயா. மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு அது வேண்டும். லெயோன் நகரத்துப் பெரிய மனிதர்கள் மானத்துக்காகத் துப்பாக்கிச் சண்டை போடும்போதெல்லாம் என்னைத் துணையாளாகக் கூப்பிட்டதும் இந்தக் கைக்காகத்தான். துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டித்துக் குண்டு போடுவது துணையாளின் வேலை.

குண்டு என்பது பேச்சுக்குத்தான். சோள மாவை உருட்டிக் காயவைத்து, கரி தடவிப் போடுவோம். பார்க்க ஈயம் மாதிரியே இருக்கும். சண்டைக்காரர்கள் இருவருக்கும் தெரியும். கேட்டால் தெரியாது என்பார்கள். சுடுவார்கள், புகை வரும், மானம் பிழைத்துவிடும். பிறகு கட்டித் தழுவிக்கொண்டு, சோள மாவில் பன்னிக்கறி வைத்து வாழையிலையில் அவித்த நகாதமால் சாப்பிடப் போவோம். பதினோரு சண்டை, ஒருவருக்கும் கீறல் இல்லை.

அதுவே கேலியாகிவிட்டது. சந்தையில் நகாதமால் விற்கிற துலா என்னைப் பார்த்ததும் கூவுவாள்.

"தோன் ஹஸிந்தோ, உருண்டைக்கு மாவு வேணுமா? பன்னிக்கறியும் வெச்சுத் தரேன், செத்தவன் பசியாறட்டும்!"

சந்தையே சிரிக்கும். பத்திரிகைக்கார லெயாந்த்ரோ என்னை 'மாவுத் தளபதி' என்று எழுதினான். அதே இதழில் என் நண்பன் எவரிஸ்தோவின் மேடைப்பேச்சைக் கழுதைக் கத்தல் என்றும் எழுதினான். எவரிஸ்தோதான் அவனைச் சண்டைக்கு அழைத்தான். எனக்குக் கோபம் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை ஆற்றங்கரையில் எவரிஸ்தோ என் காதருகே வந்தான். அவன் மகளுக்கு நான் ஞானத்தந்தை. அந்த உறவில் என்னைக் கொம்பாத்ரே என்பான்.

"மாவுதானே, கொம்பாத்ரே? பாவம், சின்னப் பய. புள்ளகுட்டிக்காரன் வேற."

"மாவுதான்," என்றேன்.

லெயாந்த்ரோவின் துப்பாக்கியில் மாவுதான் இருந்தது.

இருவரும் சுட்டார்கள். லெயாந்த்ரோ சிரித்தபடியே மணலில் உட்கார்ந்தான். நடிக்கிறான் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் எழுந்திருக்கவே இல்லை.

தன் துப்பாக்கியில் ஈயக் குண்டைத் தானே போட்டதாக எவரிஸ்தோ உங்களிடம் சொல்லியிருக்கிறான். எனக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்து என்னைக் காப்பாற்றுகிறான். நேற்றுச் சிறைக் கம்பிக்குள்ளிருந்து, "நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க, கொம்பாத்ரே" என்றான். நாளை மறுநாள் அவனைச் சுவரோரம் நிறுத்திச் சுடப்போகிறீர்கள். அதற்குமேல் என் மனசு தாங்கவில்லை.

ஊர் ஒரு தடவை பயந்தால் போதும் என்றுதான் ஈயத்தைப் போட்டேன், ஐயா. கொல்ல நினைக்கவில்லை. எவரிஸ்தோ இதற்குமுன் போட்ட இரண்டு சண்டையிலும் வானத்தைப் பார்த்துத்தான் சுட்டான். அன்றும் அப்படியே சுடுகிறேன் என்றான்.

"வேணாம்," என்றேன். "நெஞ்சுக்கு நேராப் புடி. மாவுதானே. பாக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்."