முழங்கைக்கு அடியில்

— ஒரே ஒரு டிக் சிஸ்டர். உங்க சொத்தையா எழுதிக் கேக்கறேன்?

— சொத்துன்னா யோசிக்காம எழுதிக் குடுத்திருப்பேன் டாக்டர். இல்லாததை எழுதறது சுலபம்தானே.

— பதினொரு மணிக்கு சூப்பரின்டெண்ட் கூப்பிட்டிருக்கார். ஆபரேஷன் டேபிள்ல கை காலை எப்படி வெச்சோம்னு எழுதற தாள் இருக்குல்ல, அதைத்தான் முதல்ல கேப்பார். நரம்பு நசுங்காம வலது முழங்கைக்கு அடியில ஜெல் பேட் வெச்சோம்னு ஒரு டிக். சிம்பிள். விஷயம் முடிஞ்சுது.

— முடிஞ்சுதுதான். அந்த மனுஷனோட சுண்டுவிரலும் மோதிரவிரலும் நேத்தே முடிஞ்சுதே.

— முடியல, மரத்துப்போயிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

— படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— கிண்டலா? அவருக்குச் சர்க்கரை இருக்கு சிஸ்டர். சர்க்கரைக்காரங்களுக்கு விரல் மரத்துப்போறது என்ன புதுசா?

— ரொம்பக் கெட்டிக்காரச் சர்க்கரை. பத்து வருஷமா சும்மா இருந்துட்டு, நீங்க பித்தப்பையை எடுத்த அந்த மூணு மணி நேரம் பாத்து வந்திருக்கு. அதுவும் வலது கையில ரெண்டே ரெண்டு விரலுக்கு மட்டும்.

— சிம்பிளா ஒண்ணு கேக்கறேன். கையை நானா கட்டினேன்?

— கட்டினது நான்தான். பட்டைக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரல் போற இடம் விட்டு, உள்ளங்கை மேல பாத்த மாதிரிதான் கட்டினேன். ‘அசிஸ்டென்ட் நிக்க இடமில்ல’ன்னு கைப்பலகையை வெளிய தள்ளினது யாரு? தள்ளினதுல உள்ளங்கை கவுந்துடுச்சே, அதுவும் சர்க்கரை பண்ணின வேலையா?

— கொஞ்சம்தான் தள்ளினேன். அசிஸ்டென்ட் ஒண்ணும் ஒல்லிக்குச்சி இல்லையே.

— அதான் பாத்தேனே, ஏதோ வேலி மேல சாயற மாதிரி அந்தக் கை மேல சாஞ்சுட்டு நின்னார்.

— அப்பவே சொல்லியிருக்கலாமே?

— உங்ககிட்டயா? ரொம்ப நல்லா இருக்கும். முழிச்சிருக்கறவர்னா கை வலிக்குதுன்னு தானே இழுத்துக்குவார். மயக்கத்துல இருக்கறவருக்காக வேற யாராவதுதான் பாக்கணும்.

— கிளாஸ் எடுக்காதீங்க. நரம்பு தானா சரியாகும். மூணு மாசம், மிஞ்சிப்போனா ஆறு மாசம்.

— ஆகாமலும் போகும்.

— போனா என்ன, அவர் என்ன வீணையா வாசிக்கிறார்? முடி வெட்டறவர்தானே.

— அவர்கிட்ட நீங்க எத்தனை வருஷமா முடி வெட்டிக்கறீங்க டாக்டர்?

— எட்டு வருஷம் இருக்கும். ஏன்?

— கத்தரிக்கோலுக்குள்ள எந்த விரலை விடறார்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? நாற்காலியில உக்காந்ததும் நீங்க தூங்கிடுவீங்கன்னு அவரே சொன்னார். மோதிரவிரல். பக்கத்துல சுண்டுவிரல் தாங்கிக்கும். காலையில கட்டு வெட்டற கத்தரிக்கோலைக் கேட்டார், குடுத்தேன். மூணு தடவை போர்வை மேல விழுந்துச்சு. நாலாவது தடவை அவர் எடுக்கவே இல்ல. ‘இந்த வயசுல இடது கையில பழகிக்க முடியுமா சிஸ்டர்’னு கேட்டார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

— எனக்கு மட்டும் கல்லா மனசு? ஆனா டிக் இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?

— யோசிச்சேன். கைக்கு ஆஸ்பத்திரியே வைத்தியம் பாக்கணும். விரல்ல உணர்ச்சி திரும்பற வரைக்கும் அவர் குடும்பத்துக்கு ஒரு வழி பண்ணணும். டிக் இருந்தா, ‘எல்லாம் சர்க்கரைதாங்க, வீட்டுக்குப் போங்க’. பேனாவால ஒரு இழுப்பு, எவ்வளவு பெரிய வைத்தியம் பாருங்க.

— போதும் சிஸ்டர். அந்தத் தாளை இப்படிக் குடுங்க, நானே போட்டுக்கறேன்... என்ன இது? ஏற்கெனவே டிக் இருக்கே!

— இருக்கும்.

— வலது முழங்கை, இடது முழங்கை, குதிகால்... எல்லாத்துக்கும் இருக்கு! உங்க கையெழுத்து! காலை ஏழரைன்னு நேரம் வேற!

— நேத்து ஏழரைக்கு அவர் வார்டுல பல் தேய்ச்சுட்டு இருந்தார். இந்தத் தியேட்டர்ல அதுதானே வழக்கம்? காலையில வந்ததும் அன்னிக்கு இருக்கற அஞ்சு ஆபரேஷனுக்கும் மொத்தமா டிக் போட்டு வெச்சுடுவோம். அப்புறம் நேரம் கிடைக்காதுல்ல.

— அருமையான வழக்கம்! சும்மா சொல்லக்கூடாது சிஸ்டர், காப்பாத்திட்டீங்க. இதை வெச்சுக்கிட்டா அரை மணி நேரமா என் உயிரை வாங்கினீங்க?

— பின்பக்கம் திருப்பலையே நீங்க.

— ‘முன்பக்கம் போட்ட டிக் பொய். வலது முழங்கைக்குப் பேட் வைக்கவில்லை...’ சிஸ்டர்! இதுவும் உங்க கையெழுத்துதானே!

— சூப்பரின்டெண்ட் மேஜைக்கு ஒரு ஜெராக்ஸ் போயாச்சு. வார்டுக்குப் போய் அவருக்கும் படிச்சுக் காட்டிட்டேன்.

— உங்களுக்கு என்ன பைத்தியமா? வேலை போயிடும்! டாக்டர் அவசரப்படுத்தினார், பதட்டத்துல மறந்துட்டேன்னு எழுதியிருந்தா யார் உங்களைக் கேக்கப்போறா?

— மறக்கல டாக்டர். பேடைக் கையில எடுத்துட்டுத்தான் வந்தேன், ‘போதும் அலங்காரம்’னு நீங்க முறைச்சதும் ஸ்டூல் மேல வெச்சேன், அப்புறம் நிக்க முடியலன்னு மூணு மணி நேரமும் அது மேலதான் உக்காந்திருந்தேன்.